அப்பா சாப்பிட்ட காளான்

ரொட்டிப் பையில் வந்த அந்தக் காளான்களைச் சோதித்து, அவற்றில் போதை மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எழுதி, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டவள் நான். அதே காளான்களில் மறுபாதியை வதக்கிச் சாப்பிட்டவர் என் அப்பா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சில நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்னொரு முறை அப்படிச் செய்ய வேண்டாம்.

ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். போலீஸிடமிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற பொருள்களில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. தூள், மாத்திரை எல்லாம் வேறு மேசைக்குப் போகும். என் மேசைக்கு இலை, வேர், காளான் வகைகள் வரும். முன்பெல்லாம் காளான் வருவது அபூர்வம். இப்போது அடிக்கடி வருகிறது. காய்ந்து சுருங்கியது, மாத்திரை உறைக்குள் தூளாக அடைத்தது, தேனில் ஊறவைத்தது. ஒருமுறை ஒரு சாக்லேட் கட்டி வந்தது. பொன் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, யாருக்கோ பிறந்தநாளுக்குக் கொடுப்பதுபோல இருந்தது.

மாட்டுச் சாணத்தில் முளைக்கிற ஒரு காளான் இருக்கிறது. பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. பழுப்புத் தொப்பி, வெளிறிய தண்டு. தண்டை விரலால் அழுத்தினால் அந்த இடம் சிறிது நேரத்தில் நீலம் பாரிக்கும், அடிபட்ட தோல் கன்றிப்போவதைப்போல. அதற்குள் இருப்பது சைலோசைபின். உடம்புக்குள் போனதும் அது சைலோசின் என்று இன்னொன்றாக மாறி மூளைக்குப் போகும். சாப்பிட்டவர் இல்லாததைக் காண்பார், கேட்பார். சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். ஆகையால் எங்களிடம் வருகிறது.

நாங்கள் அதை உலர்த்தி, அரைத்து, எடை பார்த்து, உரிய திரவத்தில் ஊறவிட்டு, உள்ளே இருப்பதைப் பிரித்தெடுத்து, வடிகட்டி இயந்திரத்துக்குக் கொடுப்போம். இயந்திரம் திரையில் கோடு போடும். ஒன்றும் இல்லாத இடத்தில் கோடு தரையோடு போகும். இருக்கிற இடத்தில் ஒரு கூம்பு எழும். ஏற்கெனவே அளவு தெரிந்த சுத்தமான மருந்தை முன்னால் ஓட்டி, அதன் கூம்போடு இதன் கூம்பை ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். அந்தச் சுத்தமான மருந்து சுண்டுவிரல் நகம் அளவு கண்ணாடிக் குப்பியில் வரும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் அதை வைத்திருக்கும் அலமாரி திறக்கும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஒரே சாணியில் பக்கத்துப் பக்கத்தில் முளைத்த இரண்டு காளான்களில்கூட ஒன்றில் இருப்பது மற்றதில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

நான் பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா பேக்டரியில் கொழுந்தை வாடவைக்கிற பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றார். எனக்கு ஒரே தம்பி. கியா பார்மில் காய்கறி ஏற்றிக் கீழே கொண்டுபோகிற லோரி ஓட்டுகிறான். அவன் மனைவிக்குத் தோட்டத்து பேக்டரியில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை இருப்பதால் லயத்து வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் மாட்டுக் கொட்டகை. நாங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஏழெட்டு மாடுகள் இருந்தன. கடைசியில் மூன்று.

அம்மா இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு நடந்தது இது. அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் மூச்சுத் திணறியது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டு உடனே ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். கூடத் தம்பி மனைவி போனாள். அப்பா காலையில் வருவதாகச் சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். காலையில் தம்பியின் லோரியில் அவர் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

படிவங்களில் எல்லாம் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வதற்கு முன்பே நான் எழுதிவிட்டேன். ஒரு தாதி என் தோளைத் தொட்டு, உட்காருங்கள் என்றாள். எனக்கு உட்காரத் தேவை இருக்கவில்லை. அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்டாம் நாள் வரவில்லை, பதினாறாம் நாள் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் அல்லவா, தொட்டால் தொடுவது தெரியும், ஆனால் அது நம் கால் இல்லை என்பதுபோல் இருக்கும். நான் முழுக்க அப்படி ஆனேன். வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். தனியாக இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் ஒருவர் இதற்குக் கொடுத்த மாத்திரையை நான்கு மாதம் விழுங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அப்பா வேறு விதமாக ஆனார். பேசுவதை நிறுத்திக்கொண்டார். கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார். விடிந்தால் மாட்டுக் கொட்டகை, இருட்டினால் வீடு. மாதம் ஒருமுறை நான் மலைக்குப் போனால் நானும் அவரும் ஒரே அறையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்போம். தம்பி மனைவிதான் இரண்டு பேருக்கும் நடுவில் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தம்பி போன் செய்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அப்பா ஒரு மாதிரியா இருக்காரு. ஆஸ்பித்திரிக்குக் கொண்டாந்துட்டேன். காளான் சாப்ட்டாராம்."

என்ன காளான் என்று கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால் முளைத்தது என்றான். நான் அடுத்து கேட்டது தண்டு நீலமாக இருந்ததா என்று. அப்பா எப்படி இருக்கிறார் என்பதைக் கேட்டது அதற்குப் பிறகுதான். இதை நான் பின்னால் நிறைய முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தம்பி சொன்னதையும் பிறகு அவன் மனைவி சொன்னதையும் சேர்த்தால் நடந்தது இதுதான். ஒரு வாரமாக விடாத மழை. கொட்டகைக்குப் பின்னால், பழைய சாணம் குவிந்த சரிவில் காளான் முளைத்திருந்தது. மழைக்காலத்தில் காளான் பறித்து ஆய்ந்து சமைப்பது அம்மாவின் வேலை. எது ஆகும் எது ஆகாது என்று அவருக்குத் தெரியும். அப்பா அதில் தலையிட்டதே கிடையாது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, தலைத்துண்டை விரித்து ஒரு குவியல் பறித்துக்கொண்டு வந்தார். பாதியை அலசி, வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, தானே சமைத்துத் தானே சாப்பிட்டார். தம்பி மனைவிக்குக் காளான் வாடை ஆகாது. தம்பி லோரியோடு வெளியே போயிருந்தான். அதனால் அப்பா மட்டும் சாப்பிட்டார்.

ஒரு மணி நேரத்துக்குள் அவர் சிரிக்க ஆரம்பித்தார். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பயந்து எழுந்துவந்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். அப்பா பின்வாசலில் உட்கார்ந்து எதிரே இருந்த தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மலை மூச்சு விடுது பார் என்றாராம். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாராம். அந்த இடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. அவள் அவசர அவசரமாகக் கணவனுக்குப் போன் அடித்தாள்.

தம்பி வந்து அப்பாவை லோரியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்கு ஓட்டினான். புறப்படும்போது மிச்சமிருந்த காளானை ஒரு ரொட்டிப் பையில் போட்டுச் சிவப்புக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டான். எதைச் சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்பார் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அது நல்ல புத்தி. வழி முழுவதும் அப்பா பேசிக்கொண்டே வந்தாராம். என்ன பேசினார் என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன் அக்கா, காதில் விழவில்லை என்றான். பொய் சொல்கிறான் என்று தெரிந்தது.

நான் சிம்பாங் பூலாய் வழியாக ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி இருக்கும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கையில் ஊசி செருகியிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் வந்து, மயக்கம் தெளிந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதோடு வேறு விஷக் காளான் ஏதாவது கலந்திருந்தால் கல்லீரல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும், அதனால் வைத்துப் பார்க்கிறோம் என்றார். எனக்கு அது தெரியும். வெள்ளையாக, அழகாக இருக்கிற ஒரு காளான் அப்படிச் செய்யும். தலையாட்டினேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரை இருந்தேன். ரத்தப் பரிசோதனைகள் நன்றாக வந்தன. அப்பா கண் விழித்தபோது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பழையபடி ஆகிவிட்டார். நான் ஈப்போவுக்கு இறங்கினேன்.

வியாழக்கிழமை என் மேசையில் ஒரு உறை இருந்தது. முத்திரை, எண், தேதி. ஆள் பெயர் எங்களுக்கு வராது, எண் மட்டும்தான் வரும். எந்த மாவட்டம் என்றுகூட என் தாளில் இருக்காது. பதிவேட்டில் முத்திரை உடையாமல் இருப்பதைக் குறித்துவிட்டு வெட்டினேன். உள்ளே இன்னொரு உறை. அதற்குள் ரொட்டிப் பை. வாய் சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தது. தம்பி கட்டுகிற முடிச்சு எனக்குத் தெரியும். லோரியில் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சையே அவன் எல்லாவற்றுக்கும் போடுவான். என்ன காளான் என்று பார்க்க அந்த ஆஸ்பத்திரிதான் அனுப்பியிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உறையை மூடி, ஆய்வுக்கூடத் தலைவியிடம் கொண்டுபோய், இது என் குடும்பத்தோடு சம்பந்தப்பட்டது, வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். கயிற்றை அவிழ்த்தேன்.

பதினொரு காளான்கள் இருந்தன. தண்டுகளில் நீலம் ஏறியிருந்தது. சில இடங்களில் விரல் அளவுக்கே கன்றியிருந்தது. அப்பா பறித்தபோது பிடித்த இடமா, தம்பி பைக்குள் திணித்தபோது அழுத்திய இடமா தெரியவில்லை. படம் எடுத்தேன், எடை பார்த்தேன், உலர்த்த வைத்தேன். வேறு எந்தக் காளானுக்கும் செய்வதையே செய்தேன்.

மறுநாள் மதியம் இயந்திரம் ஓடியது. முதலில் வெறும் திரவம், பிறகு சுத்தமான மருந்து, பிறகு இது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தேன். கோடு தரையோடு வந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்தது. தெளிவான, ஒழுங்கான கூம்பு. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. எங்கள் மொழியில் நல்ல ஓட்டம் என்போம். இரண்டாம் முறை ஓட்டியதும் அதேபோல் வந்தது. உலர்ந்த எடையில் கிராமுக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

வடிகட்டியதில் கொஞ்சம் குப்பியில் மிச்சம் இருந்தது. அதை அழிக்கும் பெட்டிக்குள் போடுவதற்கு முன்னால் சிறிது நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துயரத்தில் சிக்கி மீள முடியாதவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள், வெளிநாட்டில் சில ஆஸ்பத்திரிகளில், டாக்டர்கள் பக்கத்தில் இருந்து. கூட வேலை செய்கிறவள் அப்படி ஒரு கட்டுரையை எனக்குப் படிக்கக் கொடுத்திருந்தாள். ஏன் எனக்குக் கொடுத்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை. குப்பியைப் பார்த்தபோது எனக்கு ஆசை எதுவும் வரவில்லை. இது எனக்குள் போனால் அழுகை வருமா என்று ஒரு கேள்வி மட்டும் வந்தது. அதுவும் வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

சனிக்கிழமை மறுபடியும் மலைக்குப் போனேன். அப்பா வீடு திரும்பி, வழக்கம்போலக் கொட்டகையில் இருந்தார். சமையலறையில் தம்பி மனைவி மட்டும் இருந்தாள். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, அன்றைக்கு அப்பா என்னதான் பேசினார் என்று அவளிடம் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். பின்வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணி, நான் போன்ல கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கேன். மாமா ஒரு மாதிரியா பேசுறாருன்னு சொன்னா இவரு நம்பமாட்டாரு லா. அதான் அனுப்புனேன். இவரு அழிக்கச் சொன்னாரு. நீங்க வர்ற வரைக்கும்னு வச்சிருக்கேன்."

நாற்பது வினாடி இருக்கும். படம் இல்லை, குரல் மட்டும். முதலில் மழைச் சத்தம். ஒரு மாடு கத்தியது. பிறகு அப்பாவின் குரல், இளமையாக, அவசரமே இல்லாமல்.

"ஆம்புலன்ஸ்ல இருந்து நீ வாங்கன்னு கூப்ட்ட. நான் மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டு காலையில வர்றேன்னு சொல்லிட்டேன். உன் மூஞ்சிய பாத்திருந்தா ஏறியிருப்பேன். பாக்கல." கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு, "பெரியவ அழவே இல்ல, தெரியுமா. கல்லு மாதிரி நிக்கிறா. அவளுக்கு என்னான்னு நீயே கேளு. என்கிட்ட சொல்லமாட்டா."

அதோடு முடிந்தது. தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை. மூன்றாம் முறை மாட்டுச் சத்தம் எந்த மாடு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடு என்று சொல்லி, கழுவாமல் விட்ட கோப்பைகளைக் கழுவி முடித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதது எனக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். அப்பா பலகைப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். பின்பக்கச் சரிவில் தம்பி சுண்ணாம்பு கொட்டி மண்வெட்டியால் கொத்திவிட்டிருந்தான். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தானாகக் கேட்டார்.

"அதுல என்னாம்மா இருந்துச்சு?"

நான் சொன்னேன். மருந்தின் பெயரைச் சொன்னேன், உடம்புக்குள் போய் என்னவாக மாறும் என்று சொன்னேன். என் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது, நானே பார்த்தேன் என்பதையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை முதலில் அவரிடம்தான் சொன்னேன். எவ்வளவு இருந்தது என்று கேட்டார். காய்ந்த காளான் ஒரு கிராமில் ஆறு மில்லிகிராம் சொச்சம் என்றேன். அப்பா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். பேக்டரியில் சலித்த பிறகு தங்குகிற தூசியை அப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார்கள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா."

மறுபடியும் அந்த மாதிரி கிடைக்குமா என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டுச் சுண்ணாம்பு கொட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகமாகப் பேசினேன். ஒரே சாணியில் முளைத்த இரண்டுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று சொன்னேன். பக்கத்தில் வேறு ஒன்று முளைத்தால் அடையாளம் தெரியாது, அதைத் தின்றவர் மூன்றாம் நாள் மஞ்சளாகிச் சாவார் என்று சொன்னேன். போலீஸ் விஷயம் என்றும் சொன்னேன். அடுத்த முறை பயமாகவும் இருக்கலாம், கண்டதெல்லாம் நல்லதாகவே வராது என்றேன். எல்லாம் உண்மை. வேலையில் விளக்கம் கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"நான் தின்னப் போறதில்லம்மா," என்றார் அப்பா. "அவ வந்தா. பக்கத்துல உக்காந்தா. அது பொய்யா?"

"அது மருந்துப்பா. மருந்து செய்றது."

"மருந்துதான். அத நீ அளந்துட்ட. அவ வந்தாளா இல்லையான்னுதான் கேட்டேன்."

தெரியலப்பா என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரியான பதில் கிடைத்துவிட்டதைப்போல் இருந்தது அந்த ஆட்டல். பூட்ஸை எடுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலையில் தலைவியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலாய்க்கார அம்மா. என்னை வேலைக்கு எடுத்ததே அவர்தான். ஏன் செய்தாய் என்று கேட்டார். என் அப்பா சாப்பிட்டதை வேறு யாரும் தொடக்கூடாது என்று தோன்றியது என்றேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை. ஏதோ ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் அறிக்கையை ரத்து செய்துவிட்டு, சேமிப்பில் இருந்த மிச்சக் காளானை இன்னொருத்தியிடம் கொடுத்து முதலிலிருந்து செய்யச் சொன்னார். அவளுக்கு வந்த எண்ணும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். தலைவி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன் வேலையில் குறையில்லை, ஆனால் நீ விதியை மீறியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு அதிகாரக் குரலை விட்டுவிட்டு, உங்கள் அம்மா இறந்தபோது நீ ஒரு வாரம்கூட விடுப்பு எடுக்கவில்லையே, எனக்கு நினைவிருக்கிறது என்றார்.

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குக் காளான் மேசை கிடையாது, தண்ணீர்ப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஆறு, குளம், குழாய், கிணறு என்று புட்டிகள் வரும். அவற்றில் ஈயம் இருக்கிறதா, உரம் கலந்திருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. நாள் முழுக்கக் கோடு தரையோடுதான் போகும். எனக்கு அது கஷ்டமாக இல்லை.

அந்த மாதக் கடைசியில் தம்பி மாடுகளைக் கொடுத்துவிட்டான். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற அவன் சிநேகிதன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். சாணம் இருக்கும்வரை அப்பா மறுபடி காளான் தேடிப் பின்பக்கம் போவார் என்று தம்பிக்குப் பயம். மாடுகள் லோரியில் ஏறும்போது அப்பா கயிற்றைப் பிடித்து உதவினாராம். சாயங்காலம் வழக்கம்போலத் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் நின்று, வாளித் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாராம். தம்பி இதைப் போனில் சொல்லும்போது, நான் செய்தது தப்பா அக்கா என்று கேட்டான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றேன். அது உண்மை.

இரண்டு மாதம் கழித்து அப்பாவை மறுபரிசோதனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். கல்லீரல் நன்றாக இருந்தது. டாக்டர், இனி காளான் வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள் என்று சிரித்தார். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். வெளியே வந்து தானா ராத்தாவில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அவர் பாதியில் கையை நிறுத்திவிட்டு, அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றின இடம் அதோ அங்கேதான் என்று சொன்னார். சொல்லிவிட்டு, அம்மா எப்படி ஒரு கையை வெளியே நீட்டினார், கதவைச் சாத்துகிறவர் அதை மெல்ல உள்ளே வைத்தார், தான் எந்தப் பக்கம் நின்றிருந்தார் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பேசும்போது அவர் கண் தெளிவாக இருந்தது. உள்ளே எந்த மருந்தும் இல்லை. நான் ரொட்டியைப் பிய்க்காமல் கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. ஆனால் அவர் சொல்லி முடிக்கிற வரை எழுந்து போகவும் தோன்றவில்லை. குழம்பு ஆறிப்போனது. கடைக்காரர் வேறு கொண்டுவந்து ஊற்றினார்.

அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்குப் போன் செய்கிறார். எண்ணை அழுத்தத் தம்பி மனைவி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் பேச அதிகம் இல்லை. நான் தண்ணீர்ப் பிரிவுக்கு மாறியதை அவரிடம் சொல்லியிருந்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

"இந்த வாரம் எந்த ஊரு தண்ணிம்மா?"

ஊரைச் சொல்வேன். அந்த ஊர் அவருக்குத் தெரிந்திருந்தால் அங்கே ஆறு எப்படி ஓடும், எந்த இடத்தில் ஆழம் என்று சொல்வார். தெரியாவிட்டால் எவ்வளவு தூரம் என்று கேட்பார். போன வாரம் பெர்த்தாம் ஆற்றுத் தண்ணீர் வந்தது என்றேன். நம்ம மாடெல்லாம் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது, நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லு என்றார். பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.